பதினோராம் எண் கைப்பிரதி

அந்த வீடு பளிச்சென்று இருந்தால், அந்த வாரம் அண்ணி படித்த புத்தகம் சரியில்லை என்று அர்த்தம். பொடிசு இதைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறாள். அண்ணி பேர்பெற்ற எழுத்தாளர். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனால் கேட்க ஆள் கிடையாது. ஆனால் போடமாட்டாள். எவனோ ஒருத்தன் மெனக்கெட்டு எழுதியிருக்கிறான், கடைசிப் பக்கம்வரை படிப்பதுதான் மரியாதை என்பாள். என்ன, பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை எழுந்து போய் அலமாரியைத் துடைப்பாள், சன்னல் கம்பியைத் துடைப்பாள். சகிக்கவே முடியாத நாவல் என்றால் மின்விசிறி இறக்கைவரை போகும். நல்ல புத்தகம் கையில் கிடைத்துவிட்டாலோ, பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்து காய்ந்தாலும் அவளுக்குத் தெரியாது.

பொடிசு என்பது கூப்பிடுவதற்குத்தான். வயது முப்பத்தெட்டு, அண்ணனைவிட அரையடி உயரம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட அதே அதிகாரம்தான் வரும். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். டிவியில் யாராவது வேகமாக ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை அழுத்துவான். அவர்களுடைய மகளுக்கு ஒன்பது வயது. அவளை எல்லோரும் வாலு என்பார்கள், காரணத்தோடுதான்.

இந்த நாலு பேர் வீட்டில் பொடிசு மட்டும் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு திண்டாடினாள். ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில், டூட்டி முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் ஒரு நாவல் எழுதியிருந்தாள். புதியவர்களுக்காக ஒரு பதிப்பகம் போட்டி வைத்தது. கைப்பிரதியில் பேர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். நமக்கு ஏற்ற போட்டி என்று அனுப்பிவிட்டாள். மூன்று வாரம் கழித்து கைப்பிரதிகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டி இவர்கள் வீட்டிலேயே வந்து இறங்கியது. அண்ணியைத்தான் நடுவராகப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணி அந்த அழைப்புக்காகப் பல வருஷமாகக் காத்திருந்தவள். சின்னப் பிள்ளைபோலப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அது ஒரு காரணம். இன்னொன்றையும் பொடிசு மறைக்காமல் தனக்குள் ஒத்துக்கொண்டாள். யார் எழுதியது என்று தெரியாமல் அண்ணி ஒரே ஒரு தடவை அதைப் படிக்க வேண்டும். தெரிந்து படித்தால் பாசம் குறுக்கே வரும். தெரியாமல் படித்தால் உண்மை வரும். இந்த உலகத்தில் பொடிசுக்கு ஒருத்தியின் உண்மைதான் வேண்டும்.

சனிக்கிழமை காலை அண்ணி பதினோராம் எண்ணை, அதாவது பொடிசு எழுதியதை, கையில் எடுத்தாள். பொடிசு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். தேவைக்கு மேல் ஏழெட்டு உரித்துவிட்டாள். பத்துப் பக்கம் ஆயிற்று, அண்ணி எழவில்லை. இருபது ஆயிற்று, எழவில்லை. நாற்பதாவது பக்கம் இருக்கும், அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். எழுந்து வெளியே போய் யாரிடமோ போனில் பேசினாள். திரும்பி வந்தவள் முக்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்துணியோடு மின்விசிறியைத் துடைக்க ஏறினாள்.

முக்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் அண்ணி. பொடிசு பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷ உழைப்பின் தூசி தன் தலையிலேயே விழுவதுபோல இருந்தது.

மதியம் வாலுவுக்கு ஷூ வாங்கக் கடைக்குப் போனார்கள். அண்ணி கையோடு பதினோராம் எண்ணையும் எடுத்து வந்தாள். வாலு ஒன்பது ஜோடி போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு ஜோடிக்கும் அம்மாவைக் கூப்பிட்டாள். ஒன்பது தடவையும் அண்ணி பக்கத்துக்குள் விரலை வைத்து மூடி, முழு முகத்தோடு நிமிர்ந்து, நடந்து காட்டச் சொல்லி, குதித்துக் காட்டச் சொல்லி, கருத்துச் சொன்னாள். அரைகுறையாக "ம்" கொட்டியது கிடையாது. அண்ணன் ஒரு ஜோடியைப் பார்த்ததுமே கடைக்கு வெளியே ஓடிவிட்டான். இப்படி ஒரு கவனத்தை மனுஷிக்கு எங்கிருந்து கொடுத்தார்களோ என்று பொடிசு வியந்தாள். பிடிக்காத நாவலுக்கும் அதே கவனம், பிஞ்சுக் காலுக்கும் அதே கவனம். தோற்றாலும் இவளிடம் தோற்பதில் கௌரவம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனார்கள். அண்ணனும் வாலுவும் காலால் மிதிக்கும் படகில் ஏறினார்கள். வலது கால் பழக்கத்தில் அண்ணன் அழுத்திக்கொண்டே இருக்க, படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. கரையில் பெஞ்சில் அண்ணி படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொடிசு.

திங்கள் காலை முடிவைச் சொல்ல வேண்டும். நடுவர் வீட்டு ஆள் போட்டியில் இருந்தது நாளைக்கு வெளியே தெரிந்தால் அண்ணியின் பேர்தான் கெடும். அதை நினைத்ததும் பொடிசுக்கு நாவலாவது மண்ணாவது என்றாகிவிட்டது.

"அண்ணி, நீங்க கையில வெச்சிருக்கிறது நான் எழுதினது."

"தெரியும்" என்றாள் அண்ணி. தலை நிமிரவில்லை.

ஆளை மாற்றி, ஊரை மாற்றி, கதாநாயகனை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனாக மாற்றி, எக்ஸ்ரே என்ற சொல்லே இல்லாமல் எழுதியிருந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"தம்பிகிட்ட கோவம் வந்ததும் உன் லிஃப்ட்காரன் என்ன பண்றான்? செருப்பைச் சுவத்தைப் பாத்துத் திருப்பி வெச்சுட்டு உள்ள போறான். ஏன்னு ஒரு வரிகூட நீ எழுதல."

"கோவம் வந்தா எல்லார் வீட்லயும் அப்படித்தானே வெப்பாங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்து, அடங்காமல், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எந்த வீட்டிலும் அப்படி வைக்கமாட்டார்கள் என்றாள். கல்யாணமான புதிதில் அண்ணனின் செருப்பு மூன்று நாள் சுவரைப் பார்த்துக் கிடந்ததாம். தெரியாமல் வைத்திருக்கிறார் என்று இவள் ஒழுங்காகத் திருப்பி வைத்தாளாம். அதற்கு அவன் இன்னும் மூன்று நாள் பேசவில்லையாம். முப்பத்தெட்டு வருஷமாக உலக வழக்கம் என்று பொடிசு நினைத்தது அவள் பிறந்த வீட்டு வழக்கம் மட்டுமே.

சிரித்து முடித்த அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக, நேற்றுக் காலையே பதிப்பகத்துக்குப் போன் செய்து நடுவர் பொறுப்பை விட்டுவிட்டதாகச் சொன்னாள். வேண்டியவர் ஒருவர் எழுதியது பெட்டிக்குள் இருக்கிறது, எது என்று சொல்லமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னாளாம். ஆளும் கிடைத்துவிட்டது. நாளைக் காலை வந்து பெட்டியை எடுத்துப்போவார்கள். பதினோராம் எண் பதினோராம் எண்ணாகவே போகும்.

"எவ்வளவு வருஷம் காத்திருந்தீங்க" என்றாள் பொடிசு.

"வருத்தம்தான். அதான் ஃபேனைத் துடைச்சேன்."

படகிலிருந்து வாலு கையாட்டினாள். அண்ணி நிமிர்ந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிவிட்டு, மறுபடி பக்கத்துக்குள் போனாள். பொடிசு அவளையே பார்த்தாள். நடுவர் இல்லை, மதிப்பெண் போட வேண்டியதில்லை, நாளைக்குப் பெட்டி போய்விடும். கடைக்கும் ஏரிக்கும் இதை ஏன் சுமந்துகொண்டு வந்தாள்?

"அப்புறம் ஏன் அண்ணி இன்னும் படிக்கிறீங்க?"

அண்ணி முதல் தடவையாக எரிச்சலோடு நிமிர்ந்தாள். "ஏழாவது அத்தியாயம் வளவளன்னு இருக்கு, அதை வெட்டலாம். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. அவன் தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போறானா இல்லையான்னு தெரியாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். நீ வாயைத் திறந்து சொல்லிக்கில்லித் தொலைச்சிடாதே."

பொடிசு வாயைத் திறக்கவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அரையடி கூடுதலான அந்த உடம்பு குலுங்க அழுதாள். அண்ணிக்கு அது தெரியவில்லை. அவள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.