இழுப்பு மாத்திரை

மங்கலம் ரோட்டில் அந்தோணிராஜ் தன் மெடிக்கல் ஷாப்பின் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கொரோனா வந்த புதிது. நாளைக்கு ஊரைப் பூட்டிவிடுவார்கள் என்று டிவியில் ஒருத்தர் சொல்ல, நாளைக்கு எங்கே, இன்றைக்கே என்று பேக்கரியில் இன்னொருத்தர் சொல்ல, திருப்பூரே பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. இடைவெளி விட்டு நிற்கச் சொல்லி போலீஸ்காரர் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார். ஒரே வட்டத்துக்குள் நாலு பேர் நின்றார்கள். எல்லோரிடமும் மாஸ்க் இருந்தது, பாதிப் பேருக்குத் தாடையில் இருந்தது.

நம் ஊர்ச் சனங்களின் மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா" என்று கேட்டுக்கொண்டேதான் முழங்கையால் இடித்தார்கள். அதே மரியாதையோடு கடையைத் துடைத்து எடுத்தார்கள். காய்ச்சல் மாத்திரை போனது, டெட்டால் போனது, குழந்தைகள் குடிக்கிற பால் பவுடர் போனது. கைக்குழந்தை இல்லாத வீட்டுக்காரர்களும் பால் பவுடர் வாங்கினார்கள். எதற்கு என்று கேட்டால், இருக்கட்டுமே என்றார்கள். இந்த 'இருக்கட்டுமே'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் வீட்டில் அது சும்மா இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தை பாலுக்கு அழட்டும், அப்படித்தானே?

அந்தக் கூட்டத்தில் தனபாலும் நின்றான். பக்கத்துத் தெருவில் பனியன் தைக்கிற யூனிட் வைத்திருப்பவன். அவனைக் கெட்டவன் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். தீபாவளிக்கு முதல் ஆளாக போனஸ் கொடுப்பான், கோயில் காரியம் என்று போனால் இல்லை என்று சொல்லி அனுப்பமாட்டான். வம்பே அதுதான். கெட்டவன் செய்கிற கேடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், நாலு பேர் சேர்ந்து கேட்கவாவது செய்யலாம். நல்லவன் பயந்துபோய்ச் செய்கிற கேட்டுக்கு நாம் ஜாக்கிரதை என்று பேர் வைத்துவிடுகிறோம்.

பனியன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் எவ்வளவோ அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் துணியை வெட்டுவார்கள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை என்று செக்கிங்கில் கழிந்து போவதற்கு ஈடாக இந்த எக்ஸ்ட்ரா. துணிக்கு அது சரி. தனபாலுக்கோ அது கையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. அரிசியானாலும் எண்ணெயானாலும் வேண்டியதற்கு மேல் ஒரு எக்ஸ்ட்ரா போடாமல் அவனால் இருக்க முடியாது. அன்றைக்கு அவன் எக்ஸ்ட்ரா போட வந்தது மருந்துக்கு.

முந்தின நாள் அவர்களுடைய குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. 'நம்ம சொந்தபந்தங்களுக்கு மட்டும். வீசிங் இருக்கறவங்க போடற இழுப்பு மாத்திரையை தினமும் ஒண்ணு போட்டுக்குங்க. கிருமி நெஞ்சுக்கு எறங்காது. கோயமுத்தூர்ல பெரிய டாக்டர் சொன்னது. வெளியாளுங்களுக்குச் சொல்லவேண்டாம், ஸ்டாக் தீந்துரும்.' அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். உயிரைக் காப்பாற்றுகிற விஷயம் என்று மனசார நம்புகிறார்கள். நம்பிக்கொண்டே, அடுத்தவனுக்குச் சொல்லாதே என்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு படங்கள் வேறு. வெட்கமே இல்லை.

தனபாலின் முறை வந்ததும் இழுப்பு மாத்திரை இருக்கிறதெல்லாம் வேண்டும் என்று கேட்டான். அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பிழைக்க வந்து இங்கேயே கடை போட்டவர். யாருக்கு வீசிங், டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டார்.

"அம்மாவுக்குங்க. ரொம்ப மூச்சு வாங்குதுங்க. சீட்டு ஊட்டுல இருக்குது."

"இதுக்கு மேல கம்பெனியில இருந்து எப்போ சரக்கு வரும்னு தெரியாது அண்ணாச்சி. வழக்கமா வாங்குற நோயாளிங்க இருக்காங்க, பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றான் தனபால். அந்தோணிராஜும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தியில் மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

தனபாலின் அம்மா பெரியாத்தாள் இறந்து நாலு வருடம் ஆகிவிட்டது. செத்துப்போன தாயைக் கூட்டிவந்து கடை வாசலில் மூச்சு வாங்க வைத்துவிட்டு, டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். அவற்றை பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினான். அன்றிலிருந்து அவனும் மனைவி ரேணுகாவும் மகள் தேஜஸ்ரீயும் காலையில் பல் விளக்கியதும் ஆளுக்கொரு மாத்திரையை வெந்நீரோடு முழுங்கினார்கள்.

அந்த மாத்திரை இல்லாமல் நிஜமாகவே முடியாத ஒருத்தி அவனுடைய யூனிட்டிலேயே இருந்தாள். பேர் மருதாள். செக்கிங் டேபிளில் நின்று பீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற வேலை. பனியன் துணியில் பறக்கிற பஞ்சுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்து அவள் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. அவளுடைய புருஷன் சென்னிமலையும் அதே யூனிட்டில் அயர்ன் போடுகிறவன். டப்பா தீரும்போது அந்தோணிராஜ் கடையில் போய் ஒன்றே ஒன்று வாங்கிவருவான், அது தீர்ந்தால் அடுத்தது. எக்ஸ்ட்ரா வாங்கி வைக்க அவர்களுக்கு வசதியும் இல்லை, அப்படி ஒரு நினைப்பும் இல்லை.

ஊரடங்கு போட்டார்கள். யூனிட்டை மூடினார்கள். மருதாளின் டப்பா தீர்ந்தது. சென்னிமலை கடைக்குப் போனான், இல்லை என்றார்கள். பல்லடம் ரோடு வரைக்கும் போய் ஒவ்வொரு கடையாகக் கேட்டான், எங்கேயும் இல்லை. தனபாலின் சொந்தபந்தங்கள் எல்லாக் கடைக்கும் போய்விட்டு வந்திருந்தார்கள். திரும்பவும் அந்தோணிராஜிடமே வந்து நின்றபோது அவர் சங்கடத்தோடு, உங்க முதலாளிதான் வாங்கிட்டுப் போனாரு, ஒரு டப்பா கேட்டுப் பாரும் என்றார்.

சென்னிமலை தன் டிவிஎஸ் வண்டியில் தனபால் வீட்டுக்கு வந்தான். தனபால் கேட்டைத் திறக்கவில்லை. மாஸ்க்கை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளேயே தள்ளி நின்றான்.

"ஏனுங்ணா, மருதாளுக்கு நேத்துல இருந்து மூச்சு வாங்குதுங்க. டவுன் பூரா கேட்டுட்டனுங்க. நீங்க வாங்குனீங்கன்னு கடைக்காரரு சொன்னாருங்க. ஒரே ஒரு டப்பா குடுத்தீங்கன்னா, கடைக்கு வந்ததும் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

"அது தீந்துபோச்சு சென்னிமலை. அம்மாவுக்குன்னு வாங்குனது..." கடையில் சொன்ன பொய் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. தனபால் பாதியிலேயே நிறுத்தினான்.

பெரியாத்தாள் இறந்தபோது பந்தல் போட்டதிலிருந்து கருமாதிப் பந்தியில் சோறு பரிமாறியது வரைக்கும் கூடவே நின்றவன் சென்னிமலை. பிடித்திருந்த கேட் கம்பியை விட்டான். அப்புறம், "செரிங்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்குள்ளிருந்து தேஜஸ்ரீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பீரோ நிறைய இருக்கிறதே, ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று அப்பாவிடம் கேட்டாள். உனக்காகத்தான் கண்ணு, நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் நான் எங்கே போவேன் என்றான் தனபால். ஊரில் நடக்கிற அத்தனை சுயநலத்துக்கும் பெற்ற பிள்ளைகளைத்தான் முன்னால் நிறுத்துகிறோம். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மருதாள் குடியிருந்தது லைன் வீடு. வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அவள் இருமுகிற சத்தம் கேட்டதும் வரிசையாகக் கதவுகளைச் சாத்தினார்கள். வருடக்கணக்காக அவளுக்கு வீசிங் இருப்பது அங்கே தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தும் சாத்தினார்கள். குழாயடியில் இருந்த அவள் குடத்தை யாரோ காலால் தள்ளி ஓரமாக ஒதுக்கினார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். ஆட்டோக்காரர் வாசல் வரை வந்தவர் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து அப்படியே திரும்பிவிட்டார். மருதாளுக்கு உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. சென்னிமலை வீட்டில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை முறுக்கி, அவளைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, டிவிஎஸ் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போனான்.

இந்தச் செய்தி தனபாலுக்கும் எட்டியது. எட்டியதும் அவனுக்கு முதலில் வந்த கவலை என்ன தெரியுமா? மருதாளுக்கு கொரோனா என்றால் யூனிட்டுக்கு சீல் வைத்துவிடுவார்களே என்பதுதான். அந்த ஆஸ்பத்திரியில் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த டாக்டர் ஒருத்தர் இருந்தார். அவருக்குப் போன் போட்டு, அதுவா என்று கேட்டான்.

"அது இல்ல தனபாலு. இது பழைய வீசிங். தினமும் எடுக்கிற மருந்து கிடைக்காம முத்திப்போச்சு. ஆக்சிஜன் வெச்சிருக்கோம். பொழைச்சுக்குவாங்களான்னு இப்ப சொல்ல முடியாது." டாக்டருக்கு ஏற்கெனவே ஆத்திரம், மேலும் பொரிந்தார். "எவனோ வாட்ஸ்அப்புல கிளப்பிவிட்டு மொத்தத்தையும் வாங்கிப் பதுக்கிட்டானுக. அதைவிடக் கூத்து, அதை வெந்நீர்ல முழுங்குறானுகளாம். அது குழல்ல போட்டு உள்ள இழுக்கற பவுடர்யா. வயித்துக்குள்ள போயி அது என்னத்தைக் கிழிக்கும்?"

மாத்திரை போட்டுக்கொள் என்றால் நமக்கெல்லாம் வாயில் போட்டு முழுங்குவதுதான். இழுப்புக்காரர்கள் 'போடுவது' வேறே. கையளவு பிளாஸ்டிக் குழலில் மாத்திரையைப் போட்டுத் திருகினால் அது உடைந்து பொடி வெளியே வரும், அந்தப் பொடியைத்தான் மூச்சோடு இழுக்கவேண்டும். குரூப்பில் செய்தி போட்டவருக்கும் இது தெரியாது, கும்பிடு போட்டவர்களுக்கும் தெரியாது. ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரியாமல் ஒரு ஊர் மருந்தையே தின்று தீர்த்திருக்கிறார்கள்.

தனபால் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். பதுக்கினவன் நான்தான் என்று கூடப் படித்தவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. தனக்கும் உதவாத ஒன்றைக் கட்டிக்கொண்டு, உதவுகிறவளுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்துபோய் பீரோவைத் திறந்தான். ரேணுகா குறுக்கே வந்து, நமக்குக் கொஞ்சமாவது வைத்துக்கொள்ளலாமே என்றாள். அவன் எல்லா டப்பாவையும் வாரிப் பையில் போட்டான்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் சென்னிமலை உட்கார்ந்திருந்தான். தனபால் பையை நீட்டினான். சென்னிமலை அதற்குள் கையை விட்டு ஒரே ஒரு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டான். இது போதுமுங்க, மற்றதைக் கடையில் கொடுத்துவிடுங்க, அங்கே ஆளுகள் கேட்டுக் கேட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்திருந்த தனபாலுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

கடையில் அந்தோணிராஜ் டப்பாக்களை வாங்கி வைத்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு, "அம்மைக்கு இப்போ பரவாயில்லையா அண்ணாச்சி?" என்று விசாரித்தார். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தனபால் தலையைக் குனிந்துகொண்டு, அம்மா இறந்து நாலு வருஷம் ஆச்சுங்க என்றான்.

மருதாள் பிழைத்தாள். அது அவளுடைய நல்ல நேரமும், சென்னிமலையின் முதுகும், அந்த ஆஸ்பத்திரிக்காரர்களின் உழைப்பும்தான். தனபாலுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. வீட்டுக்கு வந்து அவள் எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறிய பிறகு, ஒரு பை நிறையப் பழங்களோடு அவன் லைன் வீட்டுக்குப் போனான். தப்புப் பண்ணிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றான். மருதாள் பழத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு எடுத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு அந்தக் கிருமி வரவே இல்லீங்ணா. டெஸ்ட் எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. என்னையச் சாவு வரைக்கும் கூட்டிட்டுப் போனது உங்க பயந்தானுங்க."

அன்றைக்கே தனபால் கோயில் குரூப்பில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினான். அம்மா பேரில் பொய் சொன்னது, கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு இல்லை என்றது, அது முழுங்குகிற மருந்தே இல்லை என்பது, எல்லாவற்றையும் எழுதினான். வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று முடித்தான். கீழே வழக்கம்போலக் கும்பிடுகள் விழுந்தன. படித்தார்களோ இல்லையோ, கும்பிட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா முறை உள்ள ஒருத்தரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"நல்ல காரியம் பண்ணுனே கண்ணு. எதுக்கும் மிச்சம் மீதி இருந்தா நம்ம ஊட்டுக்கு ரெண்டு டப்பா எடுத்து வையி. இருக்கட்டும்."

பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி தனபாலுக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினான்.

"மிச்சம்னு ஒண்ணு கெடையாதுங்க பெரீப்பா. நமக்கு வேண்டாதது நம்ம ஊட்டுல இருக்குதுன்னா, வேணுங்கறவங்க ஊட்டுல அது இல்லாமப் போச்சுன்னு அர்த்தமுங்க. நான் பீரோவுல வெச்சுப் பூட்டுனது மருதாளோட மூச்சுங்க. நீங்க யாரோடதைப் பூட்டி வெச்சிருக்கீங்கன்னு போய்ப் பாருங்க."