கழுத்தில் மூன்று வட்டம்

படர்தாமரை என்று இதற்குப் பெயர் வைத்த ஆள் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். தாமரையாம்! என் கணுக்காலில் ஒன்று இருந்தது. ஓரம் சிவந்து, நடுவில் செதில் உதிர்ந்து, நாளெல்லாம் சொறியவைக்கும் வட்டம். செருப்புக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு வரக்கூடிய இடமா அது? காலுறைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

என் நாத்தனாருக்குக் கழுத்தில் வந்தது. இடது பக்கம், மூன்று வட்டம். அவர் என் கணவரின் அக்கா. எங்களோடு இருந்துகொண்டு வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். அளவு கொடுக்க வந்த ஒருத்தி அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து வீடு ரணகளம்தான்.

"எல்லாம் இவ கொண்டாந்த சனியனால வந்தது" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். "அதை நான் விரலால கூடத் தொட்டதில்லடா."

சனியன் என்றது என் பூனையை. கடை வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை நான்தான் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். தான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லோர் வேலையையும் நோட்டம் விடும் என்பதால் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். இந்த வீட்டில் என் கட்சிக்கு இருந்த ஒரே உயிர் அதுதான். என் கணவர் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள்.

"தொடாமலே கழுத்துல ஏறிச்சா அண்ணி? பறந்து வந்துச்சா?" என்றேன்.

"வாயைப் பாத்தியாடா! காது வரைக்கும் நீளுது."

"எனக்கு வாய்தான் நீளம். உங்களுக்கு நாக்கெல்லாம் விஷம்."

கணவர் இரண்டு கையையும் தூக்கினார். "நாளைக்குப் பூனை டாக்டர்கிட்ட காட்டுவோம். அதாலதான் வந்துச்சுன்னு சொல்லிட்டா அது வீட்டை விட்டுப் போகணும். பேச்சு முடிஞ்சுது." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவருக்கு வேறு அங்கலாய்ப்பு. இந்த மத்தளம் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் நாத்தனாரும் கூடவே கிளம்பினார். தீர்ப்பைத் தன் காதால் கேட்க வேண்டுமாம்.

டாக்டரம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் பூனை மேல் பிடித்தார். மேனேஜரின் காதோரத்திலும் தாடையிலும் முடி பச்சையாக மின்னியது. பூஞ்சை இருந்தால் அப்படித்தான் மின்னுமாம்.

"பூனைக்கு இருக்கு. உங்கள்ல யாருக்கெல்லாம் வந்திருக்கு?"

நான் காலைக் காட்டினேன். நாத்தனார் கழுத்தில் சுற்றியிருந்த துணியை விலக்கினார். டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார்.

"கால்ல வந்தது, சாப்பாடு கேட்டு உரசும்ல, அதால. கழுத்துல ஒரே பக்கமா மூணு வந்திருக்குன்னா, பூனை தினமும் அங்க தலை வச்சுத் தூங்குதுன்னு தோணுது."

"சீ! எங்கிட்டயா? அந்தச் சனியனா?" என்று நாத்தனார் துள்ளினார்.

டாக்டரம்மா பரிசோதனைக்காகக் காதோர முடியில் கொஞ்சம் பிடுங்கினார். மேனேஜர் வீலென்று கத்தியது.

"அழாதடா ராசா, இதோ முடிஞ்சுது. அத்தை இங்கதான் இருக்கேன்."

சொன்னது நாத்தனார்! நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாத பூனை, ஒரே தாவலில் அவர் தோளில் ஏறி, அந்த மூன்று வட்டத்தின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பழகிய இடம்போல.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடையில் கண்டவர் காலடியில் நான் குந்தியிருந்த நேரமெல்லாம் இந்த அம்மாள் என் பூனையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்! அத்தையாம், அத்தை!

"எத்தனை நாளா நடக்குது அண்ணி?"

"நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிடற" என்றார், குற்றம் என் மேல் என்பதுபோல. "மத்தியானம் மெஷின் நின்னா வீடே வெறிச்சுனு கிடக்கு. அது வந்து படுக்குது. நான் என்ன பண்ண?"

"அப்புறம் எதுக்குத் தொரத்தணும்னு குதிச்சீங்க?"

"தொரத்தணும்னு நான் எங்கடி சொன்னேன்? உன்னை நாலு வார்த்தை திட்டுவான்னு பாத்தேன். இவன் பூனை மேல பாய்ஞ்சுட்டான்."

கணவர் தொண்டையைச் செருமினார். "ஆனா டாக்டரே சொல்லிட்டாங்களே. சொன்னா சொன்னதுதான், பூனை போகணும்."

"வாயை மூடுடா! இது போனா நானும் போறேன்."

அக்கா கோடு கிழித்தாகிவிட்டது.

"போகவே வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஒரே ரூம்ல அடைச்சு வைங்க. வாய்க்கு மருந்து, வாரம் ரெண்டு தடவை மருந்துக் குளியல். உதிர்ற முடியைத் தினமும் துடைக்கணும். குணமாகப் பல வாரம் ஆகும். யாராவது ஒருத்தரே கையுறை போட்டுப் பாத்துக்கிட்டா மத்தவங்களுக்குப் பரவாது. பகல்ல வீட்டுல யார் இருப்பா?"

காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புகிறவள் நான்.

"நான் இருக்கேன்" என்றார் நாத்தனார்.

மேனேஜர் இப்போது அவர் அறையில் இருக்கிறது. தோல் டாக்டர் கொடுத்த களிம்பில் என் கணுக்கால் ஆறிவிட்டது. நேற்று வேலை முடிந்து வந்ததும் அந்தக் கதவைத் தட்டினேன். உள்ளே கொஞ்சல் நின்றது.

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன் அண்ணி."

கதவு திறக்கவில்லை.

"உள்ள வராத" என்றார். "உனக்கு ஒட்டிக்கும்."