பசிலியாவின் மூன்று மூட்டைகள்

தூசியை ஊதுவதுபோல் பாவனை செய்துகொண்டு பசிலியா ஒரு பிடி அல்பாக்கா ரோமத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டில் ஒரு தேய். மெல்லிசாகத்தான் இருந்தது. ‘பேபி’ மூட்டையில் போட்டாள்.

பேபி என்றதும் அல்பாக்காக் குட்டியின் ரோமம் என்று நினைப்பவர்கள் ஊருக்குப் புதுசு. இருப்பதிலேயே மெல்லிய இழைக்கு அந்தப் பெயர், அவ்வளவுதான்.

"பல்லுப் போன அல்பாக்காகிட்டகூட பேபி கிடைக்குது. என் வீட்டுக் கிழத்துக்கிட்டதான் ஒரு மண்ணும் இல்ல," என்றாள் எதிரே இருந்த நிக்கோலாசா. இவள் பசிலியாவின் செத்துப்போன புருஷனுக்குத் தங்கை. கம்பிவலை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தரம் பிரித்த ஆறு பெண்களும், வெற்றிலைபோல் கன்னத்தில் ஒதுக்கிய கொக்கா இலையோடு சிரித்தார்கள். பசிலியாவும் சிரித்து வைத்தாள்.

ஆகஸ்டு அந்த மலையூரில் நடுக்குளிர்காலம்; அப்போது அடித்த பனிப்புயலில் அவளுடைய அல்பாக்கா மந்தை மொத்தமும் புதைந்துபோனது. முப்பத்தெட்டு உருப்படி. வெறுங்கையால் தோண்டினாள். ஒன்றுகூட உயிரோடு வரவில்லை. விரல் நுனிகளும் அன்றோடு செத்தன. தொட்டால் ரோமமா, கந்தலா என்றுகூடத் தெரியாது. வயிற்று ரோமத்தையும் கால் ரோமத்தையும் ஒதுக்கக் கண் போதும். ஆனால் பேபிக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விரல்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு உதடு சொல்லிக்கொண்டிருந்தது. குளிரில் உதடும் வெடித்தபின் அதுவும் பாதி நேரம் பொய் சொன்னது. ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. மந்தை இல்லாதவளுக்கு இந்த மேஜையில் இருக்கும் இடமும் போனால் அப்புறம் ஊரில் என்ன இருக்கிறது?

மறுநாள் காலை ஆலை லாரி வந்தது. ரோமம் எடுக்க வந்தவரை எல்லோரும் என்ஜினியர் என்றார்கள். படித்துவிட்டு வருகிற யாரும் அந்த ஊருக்கு என்ஜினியர்தான். மனிதர் முப்பது பேபி மூட்டைகளையும் அவிழ்த்துக் கைவிட்டுப் பார்த்தார். மூன்று மூட்டைகளைத் தனியே இழுத்துப் போட்டார். மூன்றிலும் பசிலியாவின் சிவப்பு முடிச்சு.

"இதுல ரெண்டு தரம் கலந்திருக்கு. கலந்த சரக்குன்னா மொத்த லோடுக்கும் கூட்டி அள்ளுற விலைதான். உங்களுக்கே தெரியும்."

தரம் பார்க்காமல், விளக்குமாற்றால் கூட்டி அள்ளிய குப்பை மாதிரி மொத்தமாக எடுக்கிற விலை அது. அதிலிருந்து தப்பிக்கத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரே சேர்ந்து இந்த மேஜையைப் போட்டது.

ஊர்த் தலைவன் திமோத்தேயோ கெஞ்சினான். "ஒரு தடவை பிரிச்சுத் தர்றோம் ஐயா. கூடாதா?"

"மழை வருது. ஒரு மணி நேரம்தான் தருவேன். மறுபடியும் கலந்திருந்தா பேச்சே கிடையாது."

நிக்கோலாசா சட்டென்று எழுந்தாள். "நான் பாக்கறேன். மதினி நேத்தெல்லாம் களைச்சுப் போயிருந்தாங்க."

அந்த இடத்திலாவது பசிலியா விட்டிருக்கலாம். தலையை ஆட்டினால் போதும், ஊர் பிழைத்திருக்கும். விட்டுக்கொடுத்தால் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்களே என்ற பயம் அவளை ஆட்டிப்படைத்தது.

"என் மூட்டை. நானே பாத்துக்கறேன்," என்றாள்.

"அக்கா கைக்கு மிஞ்சின கை ஏது?" என்று திமோத்தேயோவும் அவள் பக்கமே சேர்ந்துகொண்டான்.

ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்க, ரோமத்தை எப்படி வாய்க்குக் கொண்டுபோவது? கண்ணால் பிரித்தாள். மினுமினுப்பைப் பார்த்தாள், சுருளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெறும் குருட்டாம்போக்கு. முடித்ததும் என்ஜினியர் பேபிக் குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன தரம்? நீங்களே சொல்லுங்கம்மா."

அவள் விரலை மடக்கினாள், விரித்தாள். மறுபடி மடக்கினாள்.

"தெரியல," என்றாள். "பனியோட போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முப்பது மூட்டையையும் மற்ற தரங்களோடு தரையில் கொட்டிக் கலந்து லாரியில் ஏற்றினார்கள். இனிமேல் தரம் பிரிக்கிற சோலி வேண்டாம் என்று திமோத்தேயோ அங்கேயே சொல்லிவிட்டான். மேஜையின் கம்பிவலையைப் பிடுங்கிப் பட்டிக் கதவுக்கு எடுத்துப் போனார்கள்.

ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. நிக்கோலாசா மட்டும் நின்றாள்.

"உங்க கை போனது எனக்கு எப்பவோ தெரியும் மதினி. தினம் நீங்க போனப்புறம் உங்க மூட்டைய அவுத்து, தப்பா விழுந்ததை மாத்திப் போட்டேன். கடைசி மூணுக்குத்தான் நேரம் பத்தல."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா உங்களை மேஜைய விட்டு எழுப்பிவிடுவாங்களே." நிக்கோலாசா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "இப்ப மேஜையே போச்சு. எனக்கும் இருந்தது அந்த ஒரு இடம்தான் மதினி."