பதினாறு ஓடுகளின் சராசரி

1

மார்ச் 14 அன்று, தரை ஓடு தொழிற்சாலை ஒன்றில் நிறம் பிரிக்கும் மூன்று பெண்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. ஒரே நிறம் என்று அவர்கள் அனுப்பிய சாம்பல் ஓடுகள், வாங்கியவர் வீட்டில் பதித்தபின் அங்கங்கே நீலம் தட்டின.

மூவரில் ஒருவர் என் அண்ணி. கதை அங்கிருந்து வந்தது. அக்கறையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

2

அன்று காலையிலிருந்தே மழை

(அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை.)

வேலை இப்படி: பதினாறு ஓடுகளைத் தரையில் பரப்பி, ஆறடி தள்ளி நின்று, நான்கு நொடிக்குள் பதினாறுக்கும் சேர்த்து ஒரே நிற எண் சொல்ல வேண்டும். அண்ணி முதலில் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தார். மேற்பார்வையாளர் விடவில்லை.

"ஒவ்வொண்ணா நலம் விசாரிக்கிறியாம்மா? மொத்தமா பாத்துச் சொல்லு."

3

(கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) மொத்தமாகப் பார்க்கச் சொன்னால் மூளை சராசரியை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகிறது. பல நிறங்களைச் சட்டென்று காட்டி மறைத்துவிட்டுக் கேட்டால், அவற்றில் இல்லவே இல்லாத நடு நிறத்தைப் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்கள். மனமறிந்த பொய் இல்லை.

4

"நீதான் எழுதுறவனாச்சே. மூணு பேருக்கும் சேத்து ஒரே பதிலா எழுதிக் குடு" என்றார் அண்ணி. வேலை போனால் அவருக்கு வேறு இடமில்லை.

மூவரையும் கேட்டேன்.

அண்ணி: "மொத்தமா பாக்கச் சொன்னதே சூப்பர்வைசருதான்."

இரண்டாமவர்: "டியூப்லைட்டு ஒரு மாசமா மினுக்குது. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது."

மூன்றாமவர்: "அந்த ஓட்டைப் பிரிச்ச அன்னிக்கு நான் லீவுங்க."

யாரையும் பகைக்காமல், மூன்றும் ஒன்றோடொன்று உரசாமல் எழுதினேன்: 'வேலைப்பளுவால் எங்கள் கவனம் சிதறிவிட்டது. மன்னிக்கவும்.'

மூவரில் ஒருவரும் சொல்லாத வாக்கியம்.

அண்ணி இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல நான் எங்க இருக்கேன்?"

"மொத்தமா பாருங்க அண்ணி" என்றேன்.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், லீவில் இருந்தவர் உட்பட.

5

முடிவு ஒன்று: நிர்வாகம் டியூப்லைட்டை மாற்றுகிறது.

முடிவு இரண்டு: லீவில் இருந்தவராவது தப்பிக்கிறார்.

முடிவு மூன்று: அண்ணி என்னைப் பார்த்து

(முடிக்க வரவில்லை.)

பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதையும் தேர்ந்தெடுக்கும் யோக்கியதை இல்லை.

ஏப்ரல் 2 அன்று மூவருக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. வாசகம் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 'நீங்களே ஒப்புக்கொண்டபடி' என்று தொடங்கியது.