வளையம் விழும் சத்தம்

காளிராஜின் பட்டறைக்கு ஞானதுரை போய்ச் சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. தெரு முழுக்க விசைத்தறிகள் நின்றுபோயிருந்தன. அந்த அமைதி அவனுக்குப் பிடிக்காது. தறி ஓடும்போது எதைக் கேட்பதென்றாலும் கத்திக் கேட்க வேண்டும் என்பதால் யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். கரண்ட் போய்விட்டால் வாசலுக்கு வந்து, துண்டால் விசிறிக்கொண்டு, போகிற வருகிறவனை எல்லாம் விசாரிப்பார்கள். பட்டறைக்கு வருவதற்குள் இரண்டு பேர் அவனைப் பிடித்துவிட்டார்கள். வேலைக்குப் போகலையா, ஏன் போகலை, டீச்சரம்மா சம்பளம் போதுமா.

அவன் ஒரு தறி ஷெட்டில் தறிகளைப் பழுதுபார்க்கும் நைட் ஷிப்ட் பிட்டராக இருந்தவன். துணியில் கோடு விழுந்ததற்கு முதலாளி அவன் மேல் பழி போட்ட அன்று, ஸ்பேனரைத் தறி மேலேயே வைத்துவிட்டு நடு ஷிப்டில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். பிறகு போகவில்லை. கூப்பிடுவார்கள் என்று நினைத்தான். கூப்பிடவில்லை.

காளிராஜ் கால்மேல் கால் போட்டு பெஞ்சில் படுத்திருந்தான். ஜன்னல் கம்பியும் கேட்டும் பற்றவைக்கிற பட்டறை. வெல்டிங் மிஷின் மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வே, கையில?"

ஞானதுரை விரலைப் பிரித்துக் காட்டினான். நீள்சதுரமான சிறிய இரும்பு வளையம். ஒரு மூலையில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் விட்டுப்போயிருந்தது.

"பெல்ட் பக்கிளா?"

"அவ காலிப்பர்ல உள்ளது."

காளிராஜ் எழுந்து உட்கார்ந்தான். ஞானதுரையின் மனைவி ஏசுவடியாளின் இடது காலை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால். அதைத் தாங்கத்தான் காலிப்பர். தொடையிலிருந்து செருப்பு வரைக்கும் இரண்டு பக்கமும் கம்பி, முழங்காலில் மூட்டு. வெளிப்பக்கக் கம்பியில் மட்டும் பூட்டு. அந்தப் பூட்டுதான் இந்த வளையம். நிற்கும்போது வளையம் மூட்டின் மேல் இறங்கி உட்காரும், கால் மடங்காது. உட்கார வேண்டுமென்றால் சேலைக்கு மேலேயே விரலால் அதைத் தூக்கிவிட வேண்டும். வளையம் இல்லையென்றால் கால் கத்தி மாதிரி மடங்கிவிடும். நேற்று அப்படித்தான் மடங்கியது. கோமதி சக்தி ஸ்டோர்ஸ் வாசல்படியில், கையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலோடு.

"செஞ்சு குடுத்த ஆளு எங்கன?"

"பாளையங்கோட்டையில இருந்தாரு. ஊரை விட்டுப் போயிட்டாராம்."

"எப்ப வேணும்?"

"திங்கக்கிழமை காலம்பற."

திங்கட்கிழமை அவள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். இத்தனை வருடம் லீவில் போன டீச்சர்களின் இடத்தில் வேலை பார்த்தவளுக்கு முதல்முறையாக நிரந்தர வேலை. தாளாளர் உத்தரவைக் கையில் கொடுக்கும்போது, "சேர வாற அன்னைக்கு நேர்ல பாத்துக்கிடுதேன். நின்னு பாடம் நடத்தணும்லா. பிள்ளைக முன்னால விழுந்து கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொன்னார். கம்பை ஊன்றிக்கொண்டு போனால் வாசலோடு சரி. வேறு ஆள் தயாராக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கரண்ட் வருவதற்குச் சாயங்காலம் ஆனது. முதலில் எங்கோ ஒரு தறி, பிறகு தெருவே தடதடவென்று எழுந்தது. காளிராஜ் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, காலிப்பர் கம்பியின் அகலத்துக்கு இருந்த ஒரு கம்பித் துண்டின் மேல் வைத்து மடக்கி, சேர்மானத்தில் பற்றவைத்தான். உள்ளே வெல்டிங் பிசிறு நின்றது.

"அரத்தை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கொண்டு போரும். உள்ள கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

"நீரு ஜன்னல் கம்பி செய்யும் வே. இதை நான் பாத்துக்கிடுதேன்."

"பாரும். உம்ம பொண்டாட்டி, உம்ம அரம்."

ஞானதுரை அதை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி உட்கார்ந்துவிட்டான். மாதக்கணக்கில் அவன் கையில் ஒரு கருவி இருந்ததில்லை. கை தானாகப் போய்விட்டது. அரத்தால் ராவுவான், அந்தக் கம்பித் துண்டில் மாட்டிப் பார்ப்பான், வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பான், மறுபடி ராவுவான். தறியில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஆட்டம் இருக்கக் கூடாது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுகிற பெட்டியில் மயிரிழை ஆட்டம் இருந்தால் நாடா தெறித்து எவன் மண்டையையாவது உடைக்கும். சத்தம் மாறினால் எங்கோ தேய்கிறது என்று அர்த்தம். நல்ல பிட்டர் கை வைத்த தறியில் தேவையில்லாத சத்தம் ஒன்றுகூட இருக்காது. முதலாளி இதை எல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். வளையம் கம்பியில் உறை மாதிரி உட்கார்ந்தது. காளிராஜ் ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு அரத்தை எடுத்து வைத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏசுவடியாள் கோவிலுக்குப் போகவில்லை. காலிப்பரை மாட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, காலைக் கையால் நீட்டினாள். வளையம் இறங்கவில்லை. மேலேயே நின்றது.

"கையால கீழ தள்ளு."

தள்ளினாள். இறங்கிப் பிடித்துக்கொண்டது. நின்றாள். ஒரு சுற்று நடந்தாள். கால் அசையவே இல்லை.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்ஸுல ரெண்டு கையும் கம்பியிலல்லா இருக்கும். இதை எந்தக் கையால தள்ள?"

அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், அது பூட்டியிருந்ததால் காளிராஜை வீட்டில் போய் எழுப்பி, மறுபடி ராவினான். தானாக இறங்கும் அளவுக்கு மட்டும். அதற்கு மேல் ஒரு இழுப்புகூட இல்லை. தேய்த்துப் பளபளப்பாக்கி, தையல் மிஷின் எண்ணெய் விட்டுக் கொண்டு வந்தான். இந்த முறை அவள் காலை நீட்டியதும் வளையம் வழுக்கிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது. அவள் எழவில்லை.

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டு. நில்லு."

"எனக்குத் தெரியலையே."

"நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். விழுந்துட்டு."

"நீங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து என் சேலையைத் தூக்கிப் பாத்துச் சொல்வீங்களா?"

அவன் குனிந்து வளையத்தைப் பார்த்தான்.

"பழசு டக்குன்னு விழும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் காலை ஊனுவேன். சின்ன வயசுல இருந்து அப்படித்தான். இது பூனை மாதிரி வருது. இறங்கியிருக்கா, பாதியில நிக்குதான்னு எப்படித் தெரியும்?"

"ஏட்டி, சத்தம் வந்தா அது லூஸுன்னு அர்த்தம். லூஸா இருந்தா தேயும். தேஞ்சுதான உடைஞ்சது?"

"தேயட்டும். தெரியாம நிக்கதுக்குத் தேயறது மேல்."

அவன் எழுந்து வெளியே போனான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அடுப்படியில் டக், கட்டிலோரம் டக், ஜெபத்துக்கு முழங்கால் போட முடியாமல் அவள் நின்றுகொண்டே முடித்துவிட்டு உட்கார்ந்து எழும்போது டக். அது ஒரு கோளாறு என்றுதான் இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். நேரம் கிடைக்கும்போது சரிசெய்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பட்டறையில் மூன்றாவது முறை ராவும்போது கை கூசியது. நன்றாகப் பொருந்திய ஒன்றைக் கெடுப்பதற்கென்றே அரத்தை இழுப்பது அவன் செய்து பழகாத வேலை. "முதல்லயே சொன்னேன்லா வே, தாராளமா இருக்கட்டும்னு" என்றான் காளிராஜ். "நீரு பிட்டரு. உமக்குச் சொன்னா ஏறுமா?" ஞானதுரை அரத்தை அவன் மேல் எறியலாமா என்று யோசித்துவிட்டு மறுபடி இழுத்தான். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தான். கையில் வைத்துக் குலுக்கினால் கடகடவென்று ஆடுகிற, எந்த ஷெட்டிலும் எடுத்துக் காட்ட முடியாத ஒரு சாமான் ஆனது அது.

வீட்டில் மாட்டினார்கள். கரண்ட் இல்லாத நேரம். அவள் காலை நீட்டினாள்.

டக்.

அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். டக். மறுபடி. டக்.

"பழசு கொஞ்சம் கனமா கேக்கும்" என்றாள். பிறகு, "இருக்கட்டும். பழகிக்கிடுவேன்."

சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்தது. பக்கத்து ஷெட்டில் தறிகள் ஓட ஆரம்பித்தன. சுவர் அதிர்ந்தது. அவள் மறுபடி உட்கார்ந்து எழுந்தாள். வளையம் விழுந்திருக்க வேண்டும். இருவருக்கும் கேட்கவில்லை. பழைய வளையமாக இருந்தால் இந்தச் சத்தத்திலும் கேட்டிருக்குமா என்று அவன் கேட்க நினைத்தான். கேட்கவில்லை. அவள் தொடை மேல் கையை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவனும் கூடப் போனான். பஸ்ஸில் ஏறக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டாள். "நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்ததைப் பாத்தா அவரு அதையே சொல்லுவாரு." கஞ்சி போட்ட சேலை, தோளில் பை. காலை நீட்டியபடியே படியில் ஏறி, கம்பியைப் பிடித்து, முன்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். சேலைக்கு மேல் அவள் விரல் வளையத்தைத் தூக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். கால் மடங்கியது.

டிரைவர் இஞ்சினைப் போட்டான். பழைய வண்டி. தகரம் முழுக்க நடுங்கியது. கோழிக்கூடையோடு ஒரு பொம்பளை ஏறி, ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று அவள் முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரிச்சு வழி விடு தாயி. எம்புட்டு நேரம் நிக்க?"

ஏசுவடியாள் காலை நீட்டினாள். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது காலில் நின்றாள். தலையைச் சாய்த்தாள். இஞ்சின் உறுமியது, கோழிகள் கத்தின, கண்டக்டர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவள் திரும்பி ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அவன் நின்ற இடத்தில் இஞ்சினைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. விரல் இடுக்கில் இன்னும் இரும்புத் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவன் ஆம் என்று தலையை ஆட்டினான்.

அவள் இடது காலை ஊன்றினாள்.

கோழிக்கூடைக்காரி அவளைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. ஏசுவடியாள் எழுந்த சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே இருந்தாள். வளைவில் பஸ் திரும்பும்வரை, உட்கார்ந்திருந்த தலைகளுக்கு மேலே அவள் தலை ஒன்று மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.