ஹீட்டர் பக்கத்து இருக்கை

மெல்போர்னின் ஜூலைக் குளிரைப் பற்றி ஹெஷியைத்தான் கேட்க வேண்டும். எங்கள் யூத ஜெப ஆலயத்தில் ஆண்கள் பக்கம் கதவோரத்து இடம் அவருடையது. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு தும்மல். அவருடைய அண்ணன் லேஸரின் இருக்கையோ ஹீட்டரை ஒட்டியே இருந்தது. சொந்தமாக வாங்கிய இடம். பித்தளைத் தகட்டில் பேர், அடியில் சின்னப் பெட்டி, பெட்டிக்குள் எப்போதும் பெப்பர்மின்ட்.

கோடையில் லேஸர் காலமானார். மகன் கிடையாது. ஒரே மகள் ஃப்ரூமா, அவளுக்கு ஒரே மகள் ஷிஃப்ரா. குளிர் வந்ததும் ஹெஷி தன் இருக்கை மெத்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் இடத்துக்குக் குடிபோய்விட்டார். தாத்தா மடியில் உட்கார்ந்து பெப்பர்மின்ட் தின்று வளர்ந்த ஷிஃப்ரா அதைப் பார்த்து முகம் வாடிப்போனாள். அவளுக்குப் பதினொரு வயது. எங்கள் ஆலயத்தில் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதுவரை கீழே உட்காரலாம். அப்புறம் மேலே, பெண்கள் மாடத்தில், எங்களோடு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவள் நான். அந்த வாரம் ஆலயத்தில் வாசிக்க வேண்டிய தோரா வேதப் பகுதியில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். மகன் இல்லாத அப்பாவின் நிலம் எங்களுக்கு வரட்டும் என்று மோசேயிடமே போய்க் கேட்டவர்கள்.

"அழுதாங்களா?" என்றேன்.

"இல்ல டீச்சர்!"

"வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தாங்களா?"

"இல்ல டீச்சர்! எல்லார் முன்னாடியும் போய் நின்னு கேட்டாங்க!"

அதோடு விட்டிருக்கலாம். பழைய காலத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் ஆலயத்தில் எழுந்து தோரா வாசிப்பையே நிறுத்திவைப்பார்கள், பெண்களும் நிறுத்தியிருக்கிறார்கள், பதில் வரும்வரை வாசிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஷிஃப்ரா பென்சிலைக் கடித்தாள்.

"டீச்சர், அந்த வழக்கம் இன்னும் இருக்கா?"

"வேண்டாம்னு யாரும் சொல்லலியே கண்ணு," என்றேன், வீட்டுக்குப் போகிற அவசரத்தில்.

சனிக்கிழமை. தோராச் சுருளை விரித்தாகிவிட்டது. வாசிப்பவர் தொண்டையைச் செருமினார். ஷிஃப்ரா போய் ஹெஷி முன்னால் நின்றாள்.

"சின்னத் தாத்தா, எந்திரிங்க."

"பாத்ரூம் அந்தப் பக்கம்டி."

அவள் ஆலய குருவான ரபியின் பக்கம் திரும்பினாள். "ரபி, வாசிப்ப நிறுத்துங்க. எங்க தாத்தாவுக்கு மகன் இல்ல. அதுக்காக அவர் எடம் எங்க அம்மாவுக்கும் எனக்கும் இல்லாமப் போகணுமா?"

கீழே இருந்த ஆண்கள் எல்லோரும் தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார்கள். என்னைத்தான். பக்கத்திலிருந்த ஃப்ரூமா அவசரமாகக் கையை விரித்தாள். "நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல!"

"நான் கூடப்பொறந்தவன்! நாப்பது வருஷமா அங்க தும்மியிருக்கேன்!" என்றார் ஹெஷி.

"செலோப்பியாத்துக்கும் தம்பிங்க இருந்தாங்க," என்றது என் வகுப்புக் குரல் ஒன்று.

நேரம் போயிற்று. பின்னறையிலிருந்து மீன் ஊறுகாய் வாசனை வேறு வந்தது. "யாராச்சும் அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லுங்கப்பா, பசிக்குது," என்று ஒருவர் முனகினார்.

ரபி தாடியைத் தடவினார். "இப்பவே சொல்ல முடியாதும்மா."

"பரவால்ல ரபி. மோசேவும் கடவுளக் கேட்டுட்டுத்தான் சொன்னார்."

"அவருக்குக் கேக்கக் கடவுள் இருந்தார். எனக்குக் கமிட்டிதான் இருக்கு. நாளைக்குக் கேக்கறேன்."

"சரி, வாசிங்க," என்று அனுமதி கொடுத்தாள் ஷிஃப்ரா.

வாசித்தார்கள். 'அந்தப் பெண்கள் சொல்வது நியாயமே' என்று கடவுள் சொல்கிற இடம் வந்தபோது ஹெஷி தரையைப் பார்த்தார். அத்தனை பேர் காதிலும் விழுந்த தீர்ப்புக்கு எதிராக மறுநாள் கையைத் தூக்கக் கமிட்டியில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இடம் லேஸரின் மகளுக்கும் பேத்திக்கும் என்று முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை ஷிஃப்ரா அங்கே உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பெப்பர்மின்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கதவோரம் ஒரு தும்மல். இன்னொரு தும்மலுக்குக் கண்ணைத் திறந்தாள்.

ஜெபம் முடிந்ததும் ஹெஷியிடம் போனாள். "சின்னத் தாத்தா, எனக்குப் பன்னெண்டு ஆனதும் மேல போயிடுவேன். அப்ப நீங்க என் எடத்துல உக்காரலாம்."

"என் தங்கம்!"

"ஆனா மேல ஹீட்டர் இல்ல."

"அதுக்கு?"

"ஹீட்டர் வந்தா நீங்க உக்காரலாம். வரலைன்னா என் கோட்டு உக்காரும்."

மாடத்துக்கு ஹீட்டர் வேண்டும் என்று நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். "பொம்பளைங்க பேசிப் பேசியே சூடாயிடுவாங்க" என்று ஒவ்வொரு முறையும் கமிட்டியில் தட்டிவிட்டவர் இதே ஹெஷிதான். இப்போது அவரே மேசையைக் குத்தினாராம். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க மேல நடுங்கறாங்க! உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

மறு குளிர்காலத்தில் ஷிஃப்ரா மேலே வந்தாள். புது ஹீட்டர் பக்கத்தில் எனக்கும் ஃப்ரூமாவுக்கும் நடுவே உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். ஹெஷி தும்மவில்லை. அண்ணன் பேர் எழுதிய தகட்டில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றாள் ரகசியமாக, "குறட்டையப் பத்தி நான் ஒண்ணுமே பேசாம விட்டுட்டேனே."