மதிப்பிற்குரிய ஐயா

ஒத்திகை அறைக்குள் நுழைந்தபோது கவிஞரின் கைப்பையில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஒரு மாதம் படாத பாடுபட்டு எழுதியவை. முழுக்கப் பாடியே நடிக்கும் ஓபரா நாடகம் ஒன்றை அவர் எழுதுவது அதுவே முதல் முறை. பத்தாண்டுகள் கழித்து வீடு திரும்பும் மாலுமியிடம் மனைவி முதன்முதலாக என்ன பாடுவாள் என்ற ஓர் இடம் மட்டும் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தது. வேறு வழியின்றி, அந்த வரிகள் வரவேண்டிய பக்கத்தில் இசையமைப்பாளருக்குக் கடிதம்போல ஒரு குறிப்பை எழுதி அனுப்பிவைத்திருந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க!" என்றார் பியானோவின் முன்னிருந்த இசையமைப்பாளர். "மூணாவது காட்சி முடிச்சாச்சு!"

கவிஞருக்குத் திக்கென்றது. அந்தக் காட்சிக்கான வரிகள் இன்னும் பைக்குள் அல்லவா இருக்கின்றன?

சுவரோரம் குழுப்பாடகர்கள் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். மனைவி வேடத்துப் பாடகி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"மதிப்பிற்குரிய ஐயா, பொறுத்தருள வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கூடிய விரைவில் சொல்லிவிடுகிறேன்..."

கவிஞரின் காதுமடல் சூடேறியது. அவருடைய குறிப்பேதான்! ஆனால் அந்தக் குரலில் பத்தாண்டுக் கோபமும் ஆசையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. வயலின்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன குத்தல் பாருங்க! கட்டின புருஷனை 'மதிப்பிற்குரிய ஐயா'ங்கிறா. எப்படிம்மா தோணுச்சு?" என்றார் இசையமைப்பாளர்.

வாயைத் திறந்தால் இசையமைப்பாளரின் மானம் போகும். மூடிக்கொண்டால் பன்னிரண்டு வரிகளும் பைக்குள்ளேயே மடியும். கவிஞர் வாயைத் திறந்தார்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. அது... உங்களுக்கு எழுதின லெட்டர்."

பாடகிதான் முதலில் சிரித்தார். "அண்ணே, லெட்டருக்கா மூணு வாரமா மெட்டுப் போட்டீங்க?"

இசையமைப்பாளர் அசடு வழிந்தார். பிறகு கையை நீட்டினார். "சரி, நிஜமான வரிகளைக் கொடுங்கம்மா. உங்க எழுத்து. நீங்க சொல்றதுதான்."

பாடகி உரக்கப் படித்தார். நிலவும் அலையும் முத்தும் முறைப்படி வந்துபோயின. வயலின்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். மூக்கை மட்டும் உறிஞ்சவில்லை.

கவிஞர் அதைக் கவனித்தார். தாளைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். சுருக்கென்றுதான் இருந்தது. கூடவே, இன்னொரு முறை அந்தப் பாட்டைக் கேட்க மாட்டோமா என்றும் இருந்தது.

"லெட்டரே இருக்கட்டும் ஐயா. ஆனா முடிவுல 'இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள'ன்னு எழுதியிருந்தேனே, அதை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

"ஐயையோ, அதைத்தானே நாப்பது பேர் சேர்ந்து பாடுறாங்க!"

இசையமைப்பாளர் கையை உயர்த்தினார். சுவரோரம் நின்றிருந்த நாற்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். தம்மையும் அறியாமல் கவிஞர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.